விண்டோஸ் 10-ஐ விட்டு 11-க்குப் போகலாமா? முதலில் திரும்பி வர வழி வைத்துக்கொள்ளுங்கள்

உங்கள் லேப்டாப் வாங்கி ஏழு வருடம் ஆகிறது. விண்டோஸ் 10, 8 ஜிபி ரேம், சுழலும் வகை ஹார்ட் டிஸ்க். கணக்கு எழுத ஒரு மென்பொருள், காகிதங்களை ஏற்ற ஒரு பழைய ஸ்கேனர், இந்த இரண்டையும் நம்பித்தான் உங்கள் வேலை. ‘விண்டோஸ் 11-க்கு மாறத் தகுதி உள்ளது’ என்ற திரை அடிக்கடி வந்து நிற்கிறது. மாற்றினால் மெதுவாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர், மாற்றாவிட்டால் வைரஸ் வந்துவிடும் என்கிறார் இன்னொருவர், யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைத் தொட்டுக் கெடுத்துக்கொள்வோமோ என்ற பயம் ஒரு பக்கம், தொடாமலே விட்டு ஒருநாள் மொத்தமும் போய்விடுமோ என்ற பயம் மறுபக்கம். உங்கள் கேள்விக்குள் இருப்பது இந்த இரண்டும்தான் என்று எனக்குப் படுகிறது. இரண்டுமே நியாயமான பயம்.

சுருக்கமாகச் சொன்னால், மாறிவிடுங்கள். ஆனால் இன்று ராத்திரியே அந்தப் பொத்தானை அழுத்த வேண்டாம். இடையில் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது, அதற்கு இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை. சிறிய அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பதுதான் பதினெட்டு வருடமாக என் தொழில். எக்ஸ்பியிலிருந்து 7-க்கும், 7-லிருந்து 10-க்கும், இப்போது 10-லிருந்து 11-க்கும் என மூன்று பெரிய மாற்றங்களை என் கையாலேயே செய்திருக்கிறேன். நான் பார்த்த வரைக்கும், புதுப் பதிப்பு மோசமாக இருந்ததால் நஷ்டப்பட்டவர்கள் மிகக் குறைவு. பழைய நிலைக்குத் திரும்ப வழி வைத்துக்கொள்ளாமல் இறங்கியவர்கள்தான் கஷ்டப்பட்டார்கள். அதனால், தப்பாகிப் போனால் நேற்று இருந்த இடத்துக்கு எப்படித் திரும்புவது என்பதைத்தான் யார் கேட்டாலும் நான் முதலில் பேசுவேன்.

அதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அப்டேட் வேறு, அப்கிரேட் வேறு. மாதாமாதம், பெரும்பாலும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, மைக்ரோசாஃப்ட் வெளியிடுவது பாதுகாப்புத் திருத்தம். கண்டுபிடித்த ஓட்டைகளை அது அடைக்கும், கணினியின் தோற்றத்தையோ பழக்கத்தையோ அதிகம் மாற்றாது. இதைத் தள்ளிப்போடவே கூடாது, வந்த சில நாளுக்குள் போட்டுவிட வேண்டும். 10-லிருந்து 11-க்குப் போவது அப்படியல்ல. அதில் இயங்குதளமே மாறுகிறது, அதற்குத் திட்டமும் நேரமும் வேண்டும். ‘அப்டேட் போட்டால் கெட்டுவிடும்’ என்று பொதுவாகச் சொல்பவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, தள்ளிப்போடக் கூடாததையும் சேர்த்துத் தள்ளிப்போடுகிறார்கள். உங்கள் முதல் நண்பர் மாதாந்தர அப்டேட்டையும் நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தால், அதை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

இப்போது நிச்சயமாகத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29. அதற்கான வழக்கமான திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றன. நின்ற மறுநாள் காலையிலும் கணினி எப்போதும்போலத்தான் ஓடும், அதனால் பலருக்கு இது ஒரு விஷயமாகவே தெரிவதில்லை. ஆனால் 10-க்கும் 11-க்கும் அடித்தளம் ஒன்றுதான், பல பகுதிகள் இரண்டிலும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கின்றன. 11-க்கு ஒரு திருத்தம் வெளியானதும், திருத்துவதற்கு முன்பிருந்த கோப்பையும் திருத்திய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். இதற்கென்றே கருவிகள் இருக்கின்றன, இதையே வேலையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் பூட்டை மாற்றும்போதெல்லாம், மாற்றாத வீட்டின் பூட்டு எப்படித் திறக்கும் என்பதும் சேர்ந்தே வெளியே தெரிகிறது. ஆதரவு முடிந்த இயங்குதளம் நாளாக ஆக ஆபத்தாவது இதனால்தான். நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் அதன் நிலை மாறிக்கொண்டே இருக்கும்.

இது நடந்ததை உலகமே பார்த்தது. 2017 மார்ச் 14 அன்று, கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரும் பகுதியில் இருந்த ஒரு பெரிய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுத்தது. சரியாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மே 12-ஆம் தேதி, கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் வான்னக்ரை என்ற பிணைத்தொகை நிரல் அதே ஓட்டை வழியாக உலகம் முழுக்கப் பரவியது. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையில் அறுவை சிகிச்சைகள்கூடத் தள்ளிவைக்கப்பட்டன. மூன்று வருடத்துக்கு முன்பே, 2014 ஏப்ரல் 8-இலேயே ஆதரவு முடிந்திருந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசர அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. நான் இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக இல்லை. அன்று பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 7-இல் ஓடியவை. அப்போது 7-க்கு ஆதரவு இருந்தது, திருத்தமும் கையில் இருந்தது, போடாமல் விட்டிருந்தார்கள். ஆகவே 11-க்கு மாறிவிட்டு மாதாந்தரத் திருத்தத்தை நிறுத்திவைத்தால், மாறியதில் பாதிப் பயன் போய்விடும்.

நிச்சயமில்லாத பகுதியையும் சொல்லிவிடுகிறேன். மாறாமல் இருந்தால் உங்கள் லேப்டாப் எப்போது தாக்கப்படும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆறு மாதத்தில் நடக்கலாம், நடக்காமலே போகலாம். வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும், புதுப்பித்த பிரவுசரை மட்டும் பயன்படுத்தும், கண்ட கோப்பையும் திறக்காத ஒருவரின் கணினியும், வருகிற எல்லா மின்னஞ்சல் இணைப்பையும் திறந்து பார்க்க வேண்டிய வேலையில் இருப்பவரின் கணினியும் ஒன்றல்ல. நீங்கள் பிறரின் கணக்கு எழுதுகிறீர்கள், வெளியாட்கள் அனுப்பும் கோப்புகளைத் திறக்கிறீர்கள் என்பதால் உங்களை இரண்டாவது வகையில்தான் வைப்பேன். அப்புறம், பிறருடைய விவரங்கள் உங்கள் டிஸ்க்கில் இருக்கின்றன. போனால் போகட்டும் என்று உங்கள் சொந்தப் படங்களைப் பற்றிச் சொல்லலாம், அவர்களுடைய கணக்கைப் பற்றிச் சொல்ல முடியாது.

அவசரப்படாமல் செய்ய ஒரு இடைக்கால வழி இருக்கிறது. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 உங்களிடம் இருந்தால், நீட்டித்த பாதுகாப்புத் திருத்தத் திட்டத்தில் சேர்ந்துகொண்டு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்களைப் பெறலாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு வரும், மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான் அதில் கிடைக்கும். தயார் செய்துகொள்ளும் வாரங்களில் கதவு திறந்து கிடக்காமல் இருக்க இது போதும், அதனால் மாறுவது என்று முடிவு செய்தாலும் முதலில் இதில் சேர்ந்துவிடுங்கள். விண்டோஸ் 10-உடனேயே வரும் வைரஸ் தடுப்பு நிரலான டிஃபெண்டரின் வைரஸ் அடையாளப் பட்டியல் 2028 அக்டோபர் வரை புதுப்பிக்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள், அதுவே போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. போதாது. அந்தப் பட்டியல் தெரிந்த திருடனை அடையாளம் காட்டும், சுவரில் இருக்கும் ஓட்டையை அடைக்காது.

சரி, உங்கள் கணினி தாங்குமா? தகுதி உள்ளது என்று திரையே சொல்வதால் ஒரு பாதி முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது 64-பிட் ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், கணினி எழும்போது நம்பத்தகுந்த நிரலை மட்டும் ஏற்றும் செக்யூர் பூட், பூட்டுச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும்தான் அவர்கள் பட்டியலில் இருக்கிறது. இதெல்லாம் ஒத்துவந்தால்தான் அந்தத் திரை வரும். ஆனால் உங்கள் ஸ்கேனரும் கணக்கு மென்பொருளும் ஓடுமா என்பதற்கு அந்தத் திரை உத்தரவாதம் தராது. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஸ்கேனர் விஷயத்தில் நல்ல செய்திதான். இந்தக் கருவிகளுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் நிற்கும் டிரைவர் என்ற சிறு நிரலைப் பொறுத்துத்தான் எல்லாம். 64-பிட் விண்டோஸ் 10-இல் ஓடும் டிரைவர் பெரும்பாலும் 11-லும் ஓடும். சிக்கல் வருவது 32-பிட் என்ற பழைய வகை விண்டோஸிலிருந்து 64-பிட்டுக்குத் தாவும்போது. ஒரு அலுவலகத்தில் 32-பிட் விண்டோஸ் 7-ஐ எடுத்துவிட்டு 64-பிட் விண்டோஸ் 10 போட்டோம். எல்லாம் முடிந்து கடைசியாக ஸ்கேனரைச் செருகினேன், பச்சை விளக்கு எரிந்தது, திரையில் ‘தெரியாத சாதனம்’ என்று வந்தது. கருவியோடு வந்த சிடியில் இருந்தது 32-பிட் டிரைவர் மட்டும். 64-பிட் விண்டோஸ் அதை உள்ளே விடவே விடாது. தயாரித்த நிறுவனம் அந்த மாடலைக் கைவிட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. கடைசியில் பழைய கணினி ஒன்றை இணைய இணைப்பு இல்லாமல் ஓரமாக வைத்து, ஸ்கேன் செய்ய மட்டும் ஓட்டினார்கள். முன்னாடியே கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. உங்களிடம் 8 ஜிபி ரேம் இருப்பதால் அநேகமாக 64-பிட்தான், செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட் பக்கத்தில் ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொன்றும் இப்போதே சோதிக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் என்று போனால் மெமரி இன்டெக்ரிட்டி என்ற சுவிட்ச் இருக்கும். அதைப் போட முயன்றால், ஒத்துவராத பழைய டிரைவர்கள் இருக்கும் பட்சத்தில் அவற்றின் பெயரை அதுவே காட்டும். உங்கள் ஸ்கேனரின் பெயர் அங்கே வந்தால் மாற்றத்தை நிறுத்திவைத்து, முதலில் புது டிரைவர் தேடுங்கள்.

கணக்கு மென்பொருளுக்கு நான் ஊகம் சொல்ல மாட்டேன். அதை விற்றவரைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். உங்கள் பதிப்பு விண்டோஸ் 11-இல் ஓடுகிறதா? கணினியில் மாற்றம் செய்தால் உரிமத்தைத் திரும்பப் பதிய வேண்டுமா? இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. சில மென்பொருள்கள் உரிமத்தை டிஸ்க்கின் அடையாள எண்ணோடு கட்டி வைக்கும். டிஸ்க்கை மாற்றினாலோ புதிதாக நிறுவினாலோ உரிமக் குறியீடு கேட்டு நிற்கும். அது கணக்கு முடிக்க வேண்டிய நாளாக இருந்தால் மிகவும் சங்கடம்.

மெதுவாகிவிடும் என்ற பேச்சில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. மாறிய முதல் சில நாள் பின்னணியில் கோப்புகளை அட்டவணைப்படுத்துவது, புது டிரைவர்களை இறக்குவது என்று வேலை நடந்துகொண்டே இருக்கும், அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. அதற்குப் பிறகும் மெதுவாக இருந்தால், உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது ஹார்ட் டிஸ்க்கைத்தான். அதில் ஒரு தட்டு சுழல்கிறது, ஊசி மாதிரி ஒரு முனை ஒவ்வொரு கோப்புக்கும் இடம் மாறி மாறிப் போய்ப் படிக்கிறது. அப்படி ஒரு நொடிக்குச் சுமார் நூறு இடம்தான் அதனால் போய்வர முடியும். எஸ்எஸ்டி என்ற புதுவகை டிஸ்க்கில் நகரும் பாகமே கிடையாது, அதே நொடியில் பல்லாயிரம் தடவை படிக்கும். இன்றைய இயங்குதளங்கள் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்பவை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் என்ற பத்தியைப் பாருங்கள். கணினியைப் போட்ட பத்து நிமிடத்துக்கு அது 100 சதவீதத்திலேயே நிற்கிறதென்றால், விண்டோஸ் 10-லேயே உங்கள் டிஸ்க் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எஸ்எஸ்டி மாற்றாமல் 11-க்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 8 ஜிபி ரேம் நீங்கள் சொல்லும் வேலைக்குப் போதும்.

இந்த டிஸ்க் மாற்றத்தில்தான், முதலில் சொன்ன திரும்பி வரும் வழி கிடைக்கிறது. பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுங்கள். க்ளோனிங் என்று சொல்வார்கள், க்ளோன்சில்லா போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன, பழக்கமில்லை என்றால் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யலாம். நகலெடுத்த எஸ்எஸ்டியை லேப்டாப்பில் மாட்டி, விண்டோஸ் 10-ஆகவே ஒரு வாரம் ஓட்டுங்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அந்த எஸ்எஸ்டியில் 11-க்குப் போங்கள். பழைய டிஸ்க் யாரும் தொடாமல் அலமாரியில் இருக்கட்டும். என்ன தப்பு நடந்தாலும் நான்கு திருகாணியைக் கழற்றிப் பழையதை மாட்டினால் அன்றைக்கு விட்ட இடத்தில் நிற்பீர்கள். பிறகு எழுதிய கணக்குகள் மட்டும் அதில் இருக்காது, அதற்குத் தனியாக நகல் வேண்டும். இவ்வளவு எளிதான, நம்பிக்கையான திரும்பும் வழி பல வருடத்தில் எனக்கு வேறு தெரியவில்லை.

தனி நகல் என்றதும் ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒருவர் பேக்கப் எடுத்துவிட்டேன், தைரியமாக அழித்துவிட்டுப் போடுங்கள் என்றார். பென் டிரைவைக் கையில் கொடுத்தார், திறந்து பார்த்தேன். ‘2019 கணக்கு’, ‘2020 கணக்கு’, ‘வாடிக்கையாளர் பட்டியல்’ என்று ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு படக்குறி வரிசையாக இருந்தது. ஆனால் ஒவ்வொன்றின் இடது மூலையிலும் சின்னதாக ஒரு வளைந்த அம்பு. அளவைப் பார்த்தால் 2 கேபி, 2 கேபி, 2 கேபி. டெஸ்க்டாப்பில் இருந்த குறுக்குவழிகளை மட்டும் இழுத்துப் போட்டிருந்தார். உண்மையான கோப்புகள் சி டிரைவில் அந்த மென்பொருளின் ஃபோல்டருக்குள்ளேயே இருந்தன. அவர் கணினியில் அந்த அம்புக்குறியைச் சொடுக்கினால் கோப்பு திறந்தது, அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அன்று அவர் சொன்னதை நம்பி டிஸ்க்கை அழித்திருந்தால் ஆறு வருடக் கணக்கும் போயிருக்கும். அதிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். நகலை வேறொரு கணினியில் செருகி, அதிலிருந்து நான்கைந்து கோப்பைத் திறந்து, உள்ளே எழுத்து தெரிகிறதா என்று கண்ணால் பார்க்காமல் அதை பேக்கப் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர் மட்டும் போதாது. கணக்கு மென்பொருள் தரவை எங்கே வைக்கிறது என்று கேட்டு அந்த ஃபோல்டரையும், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும், மின்னஞ்சல் கோப்பையும் எடுங்கள். நீங்களாகப் போட்ட எழுத்துருக்களையும் மறக்க வேண்டாம். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

இதைவிடக் கொடுமையான இன்னொரு பொறி இருக்கிறது, அது டிஸ்க்கில் இருப்பதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் (என்க்ரிப்ஷன்) பிட்லாக்கர். பல லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பது உரிமையாளருக்கே தெரியாது, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தபோது தானாகவே நடந்திருக்கும். கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸையோ டிபிஎம்மையோ தொட்ட பிறகு திடீரென்று ஒரு நீலத்திரை வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லை என்றால் டிஸ்க்கில் இருப்பதை நானும் எடுக்க முடியாது, மைக்ரோசாஃப்டும் எடுத்துத் தர முடியாது. அதனால் எதையும் தொடுவதற்கு முன், செட்டிங்ஸில் டிவைஸ் என்க்ரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய் அந்த எண்ணைக் கண்டுபிடித்து, காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்து வைத்துப் பயனில்லை. க்ளோனிங் செய்யும் முன் என்க்ரிப்ஷனை நீக்கிவிட்டு, எல்லாம் முடிந்தபின் திரும்பப் போடுவது நல்லது.

எப்போது மாறுவது என்பதில் எனக்கு ஒரு தெளிவான கருத்து உண்டு. ஒரு பெரிய பதிப்பு வந்த முதல் வாரத்தில் வேலை செய்யும் கணினியில் அதைப் போடக் கூடாது. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வந்த பெரிய பதிப்பு சிலருடைய கோப்புகளையே அழித்துவிட்டது, சில நாளிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி, சரிசெய்து, நவம்பரில்தான் திரும்ப வெளியிட்டது. காத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. லினக்ஸ் வகை இலவச இயங்குதளமான உபுண்டுகூட இப்படித்தான் செய்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் நீண்டகால ஆதரவுப் பதிப்பு வரும், ஆனால் முந்தைய நீண்டகாலப் பதிப்பில் இருப்பவர்களுக்கு மாறச் சொல்லி அழைப்பு வருவது, மூன்று நான்கு மாதம் கழித்து முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகுதான். விண்டோஸ் 11 முதலில் வந்தது 2021 அக்டோபரில். அதனால் உங்களுக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை. இனிமேல் வருடாவருடம் வரும் புதுப் பதிப்புக்கு ஒன்றிரண்டு மாதம் பொறுத்துப் போனால் போதும். ஹோம், ப்ரோ இரண்டிலும் ஒவ்வொரு பதிப்புக்கும் 24 மாத ஆதரவு இருப்பதால் பொறுப்பதற்கு நேரம் இருக்கிறது.

உங்களுடையது தகுதி பெற்றுவிட்டது, தகுதி பெறாத கணினி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சோதனையைத் தாண்டி 11-ஐ வலுக்கட்டாயமாக நிறுவும் வழிகள் உலவுகின்றன, அவை வேலை செய்வதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட கணினிகளுக்குத் திருத்தங்கள் வரும் என்ற உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது, தேவையான கட்டளைகள் இல்லாத மிகப் பழைய ப்ராசஸர்களில் அது எழும்பவே முடியாமல் போனது. விளையாட்டுக்கு வைத்திருக்கும் கணினியில் செய்து பார்க்கலாம், சோறு போடும் கணினியில் வேண்டாம். பிரவுசரும் கடிதமும் மட்டும்தான் வேலை என்றால் உபுண்டு மாதிரி ஒரு லினக்ஸ் நன்றாகப் பொருந்தும், அதன் நீண்டகாலப் பதிப்புக்கு 5 வருட ஆதரவு உண்டு. மேக் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான். 2019-இல் மேக் இயங்குதளத்தின் கேட்டலினா பதிப்பு வந்தபோது 32-பிட் மென்பொருள்கள் எல்லாம் ஒரே நாளில் ஓடாமல் நின்றன. என்னென்ன ஓடாமல் போகும் என்று முன்பே பட்டியல் எடுத்தவர்கள் தப்பித்தார்கள்.

மாறும் நாளுக்கு, வேலை இல்லாத ஒரு நாளின் காலை நேரமாகப் பாருங்கள், ராத்திரி வேண்டாம். சார்ஜர் செருகியே இருக்கட்டும், ஸ்கேனர், பிரிண்டர், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். டிஸ்க்கில் 30 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். கோப்புகளையும் மென்பொருள்களையும் அப்படியே வைத்துக்கொள்ளும் தேர்வு ஒன்று வரும், அதையே எடுங்கள். நடுவில் பலமுறை தானாக அணைந்து எழும், சதவீதம் ஒரே இடத்தில் அரை மணி நேரம் நிற்கவும் கூடும், அப்போது பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள். முடிந்ததும் முதலில் கணக்கு மென்பொருளைத் திறந்து ஒரு பதிவைப் போட்டுப் பாருங்கள். அடுத்து ஸ்கேனரைச் செருகி ஒரு தாளை ஏற்றுங்கள், பிரிண்டரில் ஒரு பக்கம் எடுங்கள். பழைய விண்டோஸை ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற ஃபோல்டரில் 10 நாள் வைத்திருக்கும், அந்தப் பத்து நாளுக்குள் செட்டிங்ஸில் ரெகவரி பக்கம் போய் ‘கோ பேக்’ கொடுத்தால் 10-க்கே திரும்பலாம். இடம் அடைக்கிறதே என்று டிஸ்க் கிளீனப் போட்டு அந்த ஃபோல்டரை நீக்கிவிடாதீர்கள், நீக்கினால் அந்த வழி அன்றே மூடிவிடும். அலமாரியில் இருக்கும் பழைய டிஸ்க்கை மட்டும் ஒரு மாதக் கணக்கு முழுதாக எழுதி முடிக்கும் வரை வேறு எதற்கும் எடுக்க வேண்டாம்.